இருபத்திரண்டு கையளிப்புப் பதிவுகள்

பெப். 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். செவன் கிங்ஸில் 7.14 ரயில் ரத்து. அடுத்ததில் லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை நின்றபடி. குடையை விட்டுவிட்டு இறங்கப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மனிசி கூப்பிட்டுத் தந்தா.

கையளிப்பு 19 முடிந்தது. மிச்சம் மூன்று.

சில வருடம் கழித்து வாசித்தால் எனக்கே விளங்காது என்பதால் எழுதி வைக்கிறேன். காப்புறுதிக் கம்பனியின் கணினிகள் இரவில் தாமாக வேலை செய்யும்: புதுப்பிப்புக் கடிதம், தவணை, ரத்து. காலையில் வந்து எது விழுந்து கிடக்கிறது என்று பார்த்து எழுப்பிவிடுவது என் உத்தியோகம். இருபத்து மூன்று வருடம். இப்போது இந்த வேலையை இந்தியக் கம்பனி ஒன்றிடம் கொடுத்துவிட்டார்கள். அதைப் படித்துக்கொள்ள அந்தக் கம்பனி சென்னையிலிருந்து ஒருவரை இடமாற்ற விசாவில் அனுப்பியிருக்கிறது. பெயர் செந்தில். 34 வயது. தாம்பரம். இனி செ.

கையளிப்பு என்பது ஒரு மணித்தியாலப் பாடம், மொத்தம் 22. ஒவ்வொன்றையும் கணினியில் குரலோடு பதிவு செய்ய வேண்டும். 22ம் முடிந்து நான் கையெழுத்து வைத்தால் மார்ச் 31 என் கடைசி நாள். எட்டுப் பேர் இருந்த இடத்தில் இப்போது நானும் கெவினும்தான்.

வாங்க: பருப்பு, என் கணவரின் சப்பாத்துக்கு லேஸ்.

பெப். 4, புதன்

தூறல் இல்லை, வெயிலும் இல்லை. வானம் அலுமினியச் சட்டி.

கையளிப்பு 20. நடுவில் கணினி பதில் தர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் செ. தன் விசாவைப் பற்றிச் சொன்னார். கேட்டதை ஒழுங்காக எழுதுகிறேன்.

— விசா கம்பனியோடு கட்டப்பட்டது. வேறு இடத்தில் வேலை தேட முடியாது.
— எத்தனை வருடம் இருந்தாலும் நிரந்தர வதிவுரிமைக்குக் கணக்கில் வராது.
— கம்பனி திரும்பி வா என்றால் போக வேண்டும். அவ்வளவுதான்.
— மனைவி கவிதா வேலை செய்யலாம். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிறா.
— மகள் யாழினி, இரண்டாம் வகுப்பு, ஃபாரஸ்ட் கேட்.

"மூணு வருஷம்னு சொல்லித்தான் அனுப்பினாங்க அக்கா. பாப்பாவை அதை நம்பித்தான் ஸ்கூல்ல சேர்த்தேன்."

விசாவுக்கான கடிதத்தில் அவர் 'சிறப்பு நிபுணர்'. அந்த நிபுணருக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிக் கடிதம். இதில் எங்கேயோ ஒரு பகிடி இருக்கிறது. சிரிப்புத்தான் வரவில்லை.

கடந்த நவம்பரில் கெவின் தொழிற்சங்கக் கடிதம் ஒன்றைச் சமையலறையில் வைத்துக் கையெழுத்து வாங்கினான். உள்ளூர் ஆட்களின் வேலையைக் கையில் எடுக்க இடமாற்ற விசா கொடுக்கக் கூடாது என்று எம்.பி.க்கு. இரண்டாவது கையெழுத்து என்னுடையது. இன்று கேட்டாலும் போடுவேன். ஆளைத் தெரியாதபோது போட்டது, ஆளைத் தெரிந்தபின் உறுத்துகிறது. வேறு ஒன்றுமில்லை.

கெவின் செ.யோடு பேசுவதில்லை. ஆனால் தேநீர் போட்டால் அவருக்கும் ஒரு கோப்பை போடுவான். சீனி எத்தனை என்றும் கேட்பதில்லை, சரியாக இரண்டு.

பெப். 6, வெள்ளி

ஸ்ட்ராட்ஃபோர்டில் நேர்முகம். அரை நாள் லீவு. கேள்வி கேட்டவளுக்கு என் மகனின் வயது.

உங்களை ஐந்து வருடத்தில் எங்கே காண்கிறீர்கள் என்றாள். ஐம்பத்தொன்பதில் என்று சொல்ல வாய் வந்தது. புதிதாகக் கற்பதில் ஆர்வம் என்றேன்.

அவர்களிடம் இருக்கும் கணினிகளில் ஒன்றுகூட என் கை பட்டதில்லை. என்னுடையவை அவள் பிறக்க முன் வாங்கியவை. "அற்புதமான அனுபவம்" என்று மூன்று தரம் சொன்னாள். மூன்று தரம் சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

திரும்பும் ரயிலில் இரண்டு பெண்கள். "அவன் நல்லவன்தான், ஆனா அவனுக்கு ஒரு ஃப்ரிட்ஜ்கூட இல்லை." சிரித்தேன். இன்று முதல் தரம்.

பெப். 10, செவ்வாய்

கையளிப்பு 22. முடிந்தது. ஹெலன் (எங்கள் மேலாளர்) கேக் வாங்கி வைத்தா. யாருக்கு என்று சொல்லவில்லை. பிரிவுக்கா, வரவுக்கா. கெவின் இரண்டு துண்டு எடுத்தான்.

முதல் பாடம் ஞாபகம் வந்தது. அக்டோபர். நானும் கெவினும் சேர்ந்து ஆங்கிலத்தில் தொடங்கினோம். கெவின் டாகனமில் பிறந்து வளர்ந்தவன். அவன் பேச்சுப் பிடிபட எனக்கே இரண்டு வருடம் எடுத்தது. செ. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விளங்கவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. கெவின் எழுந்து போனதும் நான்தான் சொன்னேன்.

"தம்பி, தமிழிலை கதைப்பம். இந்தப் பதிவை ஒருத்தரும் திறந்து பாக்கப் போறேல்லை."

"பரவாயில்லீங்களா மேடம்?"

"மேடம் எண்டு சொல்லாதேங்கோ. அக்கா எண்டு சொன்னாக் காணும்."

அதன் பிறகு இருபத்திரண்டும் தமிழில். ஹெலனுக்குத் தெரியும், இரண்டு பேரும் ஒரே பாஷை, எவ்வளவு வசதி என்று சொன்னா. எனக்கும் வசதிதான். இருபத்து மூன்று வருடத்தில் அந்த மேசையில் இருந்து தமிழ் கதைத்தது இதுவே முதல். கணினி வேலையைத் தமிழில் சொல்லிக் கொடுக்க முடியும் என்றே எனக்குத் தெரியாது. அரிசி களையாமல் உலையில் போட ஏலாது என்று சொன்னேன், எந்த வேலை முடிந்தபின் எந்த வேலை ஓடும் என்பது ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது. கெட்டிக்காரன். 14ஆம் பாடத்தில் பத்து வருடமாக நான் கவனிக்காத பிழையொன்றைப் பிடித்தார். அன்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பிறகு சந்தோசம்.

பெப். 12, வியாழன்

காற்று. தலைமயிர் போன போக்கு.

புனேயிலிருந்து அழைப்பு. செ.யின் கம்பனியில் இந்த வேலையை இனி இரவு பகலாகப் பார்க்கப்போகிற ஆறு பேர் அங்கேதான். அவர்கள் பதிவுகளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மராத்தி, ஹிந்தி, ஒரு தெலுங்கு. தமிழ் ஆள் ஒருவரும் இல்லை.

கணினி தானாக எழுதும் ஆங்கிலப் பிரதியும் இருக்கிறதே என்று ஹெலன் திறந்தா. எங்கள் தமிழை அது ஆங்கிலமென்று நினைத்து எழுதி வைத்திருக்கிறது. இரண்டு வரி வாசித்துவிட்டு மூடினா.

இந்தியாவில் இருந்து வந்தவர், இந்தியாவுக்குப் போகிற பாடம், தமிழில் சொன்னால் என்ன என்று நான் நினைத்தேன் போலிருக்கிறது. நினைத்தேனா என்பதும் தெரியாது. செ.யாவது யோசித்திருக்கலாம். அவரும் யோசிக்கவில்லை. நான்கு மாதம் இரண்டு பேரும் ஊரில் கதைப்பது போல் கதைத்திருக்கிறோம்.

நேர்முகம் போன இடத்திலிருந்து மின்னஞ்சல். இல்லை.

பெப். 13, வெள்ளி

ஹெலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டா. கதவைச் சாத்தினா. யார் தொடங்கியது, தமிழில் செய்வோம் என்று?

நான் சொன்னது: செந்திலுக்குக் கெவினின் ஆங்கிலம் பிடிபடவில்லை. தமிழ் அவருக்கு வசதியாக இருந்தது.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கேட்டதற்குப் பதில் அது இல்லை.

ஹெலன் எழுதிக்கொண்டா.

பெப். 16, திங்கள்

பள்ளிகளுக்கு அரைத்தவணை லீவு. ரயிலில் இடம் கிடைத்தது.

10.30க்கு ஹெலன்: பாடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மறுபடி, நேரே புனேக்கு நடத்த வேண்டும். அதனால் என் கடைசி நாள் செப்டம்பர் முடிவுக்குத் தள்ளப்படும். "நமக்குள் இருக்கட்டும் ஜெஸ்" (ஜெசிந்தாவை அவ அப்படித்தான் சுருக்குவா), இங்கே ஒருவர் நிரந்தரமாக இருக்கத்தான் வேண்டும் என்று மேலிடத்தில் கதை வந்திருக்கிறதாம். இந்தக் குழப்பத்தைப் பார்த்தபின்தான் அவர்களுக்கு அது உறைத்ததாம்.

கழிப்பறையில் போய்க் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மாதக்கணக்காகச் சரியான நித்திரை இல்லை. இனி வரும்.

11.15க்கு செ. வந்தார். அவரைத் திருப்பி அழைக்கப் போகிறார்களாம். வாடிக்கையாளர் குறை சொன்னால் அவர்கள் கம்பனியில் ஆளை மாற்றிவிடுவது வழக்கம். எங்களிடமிருந்து போகும் சம்பவ அறிக்கையைப் பார்த்துவிட்டு மாத முடிவில் கடைசி முடிவு. அறிக்கைக்காக 22 பதிவுகளையும் அவரே ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். உள்ளபடி எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

"உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் கிடைச்சிருக்காமே அக்கா. ரொம்ப சந்தோஷம்." முகத்தில் உண்மையான சந்தோசம். அதுதான் தாங்கவில்லை.

வீட்டில் இவரிடம் செப்டம்பரை மட்டும் சொன்னேன். இவர் பஸ் யூனிஃபோர்மோடு இருந்து சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப நீர் பயந்த மாதிரி ஒண்டும் நடக்கேல்லை" என்றார்.

"இன்னும் இல்லை."

"அந்தப் பொடியன்?"

"தெரியேல்லை."

பெப். 18, புதன்

விபூதிப் புதன். வேலைக்குப் போக முன் கோயிலுக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டேன். நெற்றியில் கறுப்பு இருக்கிறது என்று கெவின் திசுத்தாளை நீட்டினான். ஒவ்வொரு வருடமும் நீட்டுகிறான்.

தவக்காலத்துக்கு என்ன விடுவது? போன வருடம் சொக்லேட். இந்த வருடம் தீர்மானிக்கவில்லை.

செ. எதிர் மேசையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டியபடி தட்டெழுதுகிறார். புனே முதலில் கேட்டவை கடைசிப் பாடங்கள் என்பதால் பின்னாலிருந்து முன்னுக்கு வருகிறார். நான் இங்கே வாய் திறக்காமல் இருக்கிறேன். அங்கே அவர் காதில் ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கிறேன். இடைக்கிடை தன்னை மறந்து சிரிக்கிறார். எது என்று கேட்கவில்லை.

பெப். 20, வெள்ளி

22 முதல் 11 வரை வாசித்துக் கையெழுத்து வைத்தேன். நல்ல ஆங்கிலம், என்னுடையதைவிட. 'திருமதி ஜெசிந்தா வேலைகளின் வரிசையை அரிசி கழுவுவதை உதாரணமாக்கி விளக்குகிறார்' என்று ஒரு இடம். புனேயில் ஆறு பேரும் இதை வாசிக்கப் போகிறார்கள்.

வேலையல்லாத கதை வந்த இடங்களில் அடைப்புக்குறி போட்டு 'சொந்தப் பேச்சு, 4 நிமிடம்', 'சொந்தப் பேச்சு, 11 நிமிடம்'. அந்தப் பதினொன்று என்னவென்று எனக்குத் தெரியும். க்ரொய்டன் குடிவரவு அலுவலக வாசலில் விடியற்காலை வரிசையில் நின்றதும், ஏழு வருடம் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்ததும், வேலை செய்த முதல் கடையில் 'உங்களை மாதிரி ஆட்கள் வந்து எங்கள் வேலையை எடுக்கிறீர்கள்' என்று ஒருவன் மிச்சக் காசை மேசையில் எறிந்ததும். என் மகனுக்குச் சொல்லாத கதை. கணினி ஓட்டம் முடியக் காத்திருந்த நேரத்தில் செ.யிடம் சொல்லியிருக்கிறேன்.

மரக்கறிச் சோறு. மீன் கிடைக்கவில்லை.

பெப். 21, சனி

ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை. வெண்டிக்காய் முற்றல். செ.யின் குடும்பம் அங்கே. கவிதாவை இன்றுதான் நேரில் கண்டேன். மெலிந்த ஆள், பெரிய சிரிப்பு.

"இவர் எப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசுவாரு. அக்கா மட்டும் இல்லன்னா அங்க ஒரு நாள் ஓட்டியிருக்க மாட்டேன்னு."

யாழினி கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். கெவினின் ஆங்கிலம், அச்சொட்டாக. ஆறு மாதத்தில். அப்பாவுக்கு விளங்காதது பிள்ளைக்கு வாயில் வருகிறது.

ஈஸ்டர் முடிந்து வகுப்பில் ஒரு நாடகமாம், தான் தவளையாம். வருவீர்களா என்று கேட்டாள். கவிதா என்னைப் பார்க்காமல் கத்தரிக்காயைப் பார்த்தா. ஓம், வாறன் என்றேன். வேறு என்ன சொல்வது.

பெப். 25, புதன்

வெயில். மேலங்கி இல்லாமல் மதியம் நடந்தேன்.

10 முதல் 2 வரை முடித்தேன். பின்னேரம் பாடம் 1 வந்தது. முதல் பக்கம் ஒன்றுமில்லை, கணினிக்குள் நுழைவது, கெவினின் விளக்கம். இரண்டாம் பக்கம், கெவின் எழுந்து போன பிறகு:

செந்தில்: நாம் தமிழில் பேசலாமா? இதை யாரும் பார்க்க மாட்டார்கள்.
ஜெசிந்தா: பரவாயில்லையா?

ஆட்களை மாற்றிப் போட்டிருந்தது. நான்கு தரம் வாசித்தேன். பதிவைத் திறந்து என் குரலைக் கேட்டேன். தெளிவாக, கொஞ்சம் குதூகலமாக, நான்.

பெப். 26, வியாழன்

மதியம் செ.யைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வங்கிக்குப் பின்னால் ஒரு சின்னத் தேவாலயத் தோட்டம், புகைப்பிடிக்கிறவர்கள் நிற்கிற இடம்.

"தம்பி, முதலாம் பாடத்திலை அதைச் சொன்னது நான்."

"ஆமா அக்கா."

"பிறகேன் மாத்தினனீங்கள்?"

"நான் மாத்தல. முதல்ல சரியாத்தான் எழுதினேன். எங்க மேனேஜர் பாத்துட்டு மாத்தச் சொன்னாரு. கிளையண்ட் பேரு எந்தத் தப்புலயும் வரக்கூடாதாம். எங்க கம்பெனியில அது ரூல் மாதிரி."

"உண்மையான பிரதி போனா?"

"போனா, தப்பு உங்க பக்கம்னு ஆகும். அப்ப என்னைத் திருப்பி அனுப்பக் காரணம் இருக்காது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தெரியல அக்கா."

"நான் திருத்தினா?"

"நீங்க கிளையண்ட். நீங்க திருத்தலாம்." பிறகு, "உங்க இஷ்டம் அக்கா" என்றார். கெஞ்சியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். பக்கத்தில் யாரோ சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டுப் போனார்கள். நாங்களும் மேலே போனோம். லிஃப்டில் கவிதாவின் வெண்டிக்காய்க் குழம்பைப் பற்றிக் கதைத்தோம்.

நான் யோசித்தவை, ஒழுங்கில்லாமல்:
— திருத்தினால் ஹெலனிடம் அன்று சொன்னது என்னவென்று வரும்.
— செப்டம்பரும் போகும், அந்த நிரந்தரக் கதையும் போகும்.
— திருத்தினாலும் அவரை அனுப்பினால்? இரண்டு பேருக்கும் நட்டம்.
— அவருக்கு ஊரில் வேலை இருக்கிறது. எனக்கு ஸ்ட்ராட்ஃபோர்டில்கூட இல்லை.
— இந்த வேலை முதலில் யாருடையது?
— பிள்ளை தவளை.

பெப். 27, வெள்ளி

மறுபடி தூறல். காலை ரயிலில் ஃபாரஸ்ட் கேட் வந்தபோது பெட்டியின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். செ. ஏறினாரோ தெரியாது.

2 மணிக்கு ஹெலனின் செய்தி: 21 வந்துவிட்டது, ஒன்று மட்டும் பாக்கி, ஐந்துக்கு முன் வேண்டும். அதோடு என் நீடிப்புக் கடிதமும். அதிலும் கையெழுத்து.

3.10. பிரதியைத் திறந்தேன். இரண்டு பெயர்களையும் சரியான இடத்துக்கு மாற்றி எழுதினேன். ஒரு நிமிட வேலை.

3.40. பழையபடி ஆக்கினேன்.

4.15. மறுபடி மாற்றினேன். கெவின் தேநீர் கொண்டுவந்து வைத்தான். என்ன ஜெஸ், பேய் அறைந்த முகம் என்றான்.

4.52க்கு மறுபடி பழையபடி ஆக்கிக் கையெழுத்திட்டேன். 'உள்ளபடி எழுதப்பட்டது.' திருத்தம் இல்லாமல். பிறகு நீடிப்புக் கடிதம்.

4.54க்கு ஹெலன்: நன்றி ஜெஸ், நீ ஒரு நட்சத்திரம்.

5.20க்கு செ.யின் கம்பனி அவருக்கு எழுதியது. மார்ச் 14 விமானம். மூன்று பேருக்கும். வந்து சொன்னார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேலை தங்கிவிட்டது என்ற நிம்மதியும் கூடவே இருந்தது, போகவில்லை.

வீட்டில் மீன் பொரியல். இவர் முள் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொடியன்ரை பாடு என்ன மாதிரி?"

"திருப்பி அனுப்பினம். குடும்பத்தோடை."

"ஐயோ பாவம். அப்பிடி என்ன பிழை விட்டவர்?"

"பாடத்தைத் தமிழிலை நடத்துவம் எண்டு கேட்டவர்" என்றேன்.